பதினெட்டாவது பெயர்

ஏப்ரல் 3, திங்கள்

கோடை முகாம் இன்று தொடங்கியது. காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் ஹாக்கி மைதானத்தில் இருந்தேன். கேலரியில் என்னைத் தவிர நான்கு பேர், எல்லாரும் ஆண்கள். என்னைப் பார்த்துப் பழகிவிட்டதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எட்டரை மணிக்குத்தான் ஸ்கேன் சென்டரில் எனக்கு எக்ஸ்ரே டூட்டி. அதுவரை நான் செங்கதிர் ஹாக்கி கிளப்பின் ஆள்.

இந்த வருடம் இருபத்தேழு பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதினெட்டுப் பேர் பட்டியல் முப்பதாம் தேதி வரும். மே பன்னிரண்டில் கோப்பைப் போட்டி, கோவில்பட்டியிலேயே. நாங்கள் அந்தக் கோப்பையைத் தொட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

என் பட்டியலை எழுதிப் பார்த்தேன். கோல்கீப்பர் இருவரிலும் குழப்பமில்லை. நடுக்களம் நம் பலம், அங்கே கை வைக்க ஒன்றுமில்லை. பின்களத்தில் வலப்பக்கம் நிற்பவன் போன வருடத்தைவிட ஆறு கிலோவாவது கூடியிருப்பான். அவனை நிறுத்தினால் எதிரணிக்காரர்கள் அந்தப் பக்கமாகவே வந்து கோல் போட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் பயிற்சியாளர் ஞானதுரை சாருக்கு அவன்மேல் பிரியம். எழுதித்தான் ஆக வேண்டும்.

முன்களத்தில் முதலில் வேல்மயில். பெனால்டி கார்னரில் அவன் பந்தை இழுத்து எறிகிற வேகத்துக்கு இந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. மற்ற பெயர்களையெல்லாம் அவனை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

பதினேழு பெயர் மளமளவென்று வந்தது. பதினெட்டில் பேனா நின்றுவிட்டது. ஒரு பக்கம் என் கொழுந்தன் சீனிராஜ். இன்னொரு பக்கம் ஒரு கல்லூரி மாணவன். வேகத்தில் சீனி மேல். வருகிற பந்தை வாங்கி நிறுத்துவதில் அந்த மாணவன் மேல். மாணவன் பெயரை எழுதினேன். சீனி பத்தொன்பது.

இந்த நோட்டை இனிமேல் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும்.

ஏப்ரல் 5, புதன்

வலப்பக்கத்துக்காரன் இன்று எட்டு சுற்று ஓடினான். ஆறாவது சுற்றில் வாந்தி எடுத்தான். நல்ல அறிகுறி.

ஏப்ரல் 8, சனி

இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். வேல்மயில் மூன்று கோல். மூன்றாவது கோலுக்குக் கேலரியில் எழுந்து நின்று விசிலடித்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

சீனி நன்றாக ஓடினான். இரண்டு முறை கோலுக்கு நேரே பந்து வந்தது, இரண்டு முறையும் அவன் மட்டையில் பட்டுத் தெறித்துப் போனது. வீட்டுக்கு வரும் வழியில், என் ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மதினி, உண்மையைச் சொல்லுங்க, எப்படி ஆடுனேன்?" என்று கேட்டான். "பந்து உன்னைப் பார்த்துப் பயப்படுது" என்றேன். சிரித்தான். இருபத்திரண்டு வயது. இன்னும் சிரிக்க முடிகிறது.

ஒன்று கவனித்தேன். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் தண்ணீர்க் கேனைத் தேடிப் போனார்கள். வேல்மயில் மட்டும் தூணுக்குப் பின்னால் போய் இடது காலில் ஐஸ் வைத்துக்கொண்டு நின்றான்.

ஏப்ரல் 11, செவ்வாய்

மதியம் ஒன்றரை மணி இருக்கும். ரிசப்ஷன் பெண் சாப்பிடப் போயிருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வேல்மயில் நின்றான். டயர் கடை வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான், கையெல்லாம் கறுப்பு.

"அக்கா, ஒரே ஒரு படம். சீட்டு இல்ல."

"டாக்டர் சீட்டு இல்லாம எடுக்கக் கூடாதுப்பா."

"தெரியும்க்கா. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. எழுதிவைப்பதில் என்ன இருக்கிறது. அவனுக்குப் பதினாறு வயதானதிலிருந்து அவன் ஆடுவதைப் பார்க்கிறேன். கேலரியில் உட்கார்ந்திருக்கும் செண்பகவல்லி என்ற ஒருத்தியை அவனுக்குத் தெரியும் என்றே நான் நினைத்ததில்லை.

இடது கால், முழங்காலுக்குக் கீழே. பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எலும்பின் முன்விளிம்பில், நட்ட நடுவில், குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. முடி கனம்தான். பதினான்கு வருட வேலையில் இதற்கு முன் இதை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். அதில் ஒருவன் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகியவன். வெறும் வலிதான் என்று ஓடிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது எலும்பு இரண்டாகப் போய்விட்டது.

"நான் டாக்டர் இல்ல, வேல்மயில். ஆனா இதை மதுரையில காட்டியே ஆகணும். ஓடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"மாசக்கணக்கா இருக்கும்."

அவன் திரையைப் பார்க்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் பார்த்தான். "ஜூன்ல எனக்கு இருபத்தஞ்சு முடியுதுக்கா. போட்டிக்கு, ஆட்டக்காரங்களுக்கு கவர்மெண்ட் வேலை குடுக்கிற ஒரு துறை டீம்காரங்க ஆளெடுக்க வாறாங்க. அவங்க வயசைத்தான் பாப்பாங்க, எலும்பைப் பாக்க மாட்டாங்க. இந்த வருஷம் விட்டா எனக்கு டயர்தான். மே இருபத்தொண்ணு, ஃபைனல் வரைக்கும் தாங்குனாப் போதும்."

"தாங்காட்டி?"

"தாங்கும்."

கதவுவரை போனவன் திரும்பி நின்றான். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா. சொன்னாலும் உங்களைத்தான் பேசுவாங்க. நான் இல்லன்னா உள்ள வாறது யாரு? உங்க வீட்டு சீனிதானே."

மிரட்டுகிற குரல் இல்லை. நடப்பதைச் சொன்னான். படத்தை அழித்துவிடச் சொன்னான், சரி என்றேன். அழிக்கவில்லை. 'டெஸ்ட்' என்று பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு நோயாளி சொன்ன ரகசியத்தைக் காப்பாற்றுவது என் தொழில் தர்மம். அவ்வளவுதான் விஷயம்.

ஏப்ரல் 12, புதன்

வேலை அதிகம். ஹாக்கி பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை ஒன்று. கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. பாயசம், வடை என்று காலை முழுக்க அடுப்படியில் போனது.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தம்பியைக் கேட்டார்: "எலே, ஞானதுரை என்ன சொல்லுதாரு? லிஸ்ட்ல வருவியா?"

"வேல்மயில் அண்ணனும் அந்தக் காலேஜ் பையனும் இருக்கையில எனக்கு எங்கண்ணே இடம்? அடுத்த வருஷம் பாப்போம்."

"அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னே சொல்லு. உங்க மதினி தினமும் அங்க போய் உக்காருதாள்ல, சார்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சார் யார் பேச்சையும் கேக்க மாட்டாரு" என்றேன். எழுந்து போய் அப்பளம் எடுத்துவந்தேன். தட்டில் ஏற்கெனவே அப்பளம் இருந்தது.

ஏப்ரல் 16, ஞாயிறு

வேல்மயிலுக்குக் கால் உறை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், இறுக்கமாகப் பிடிக்கிற வகை. அவனுடைய பையில் வைத்துவிட்டு வந்தேன். மனிதாபிமானம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். லீக்கில் மூன்று ஆட்டம், பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி. சின்ன அணிகளோடு ஆடும்போது சார் அவனைப் பாதி நேரம் உட்கார வைப்பார். பெனால்டி கார்னருக்கு மட்டும் இறக்கினாலும் போதும். அப்படிப் பார்த்தால் மொத்தம் இருநூறு நிமிடம்கூட வராது. ஒரு கால் இருநூறு நிமிடம் தாங்காதா?

ஏப்ரல் 20, வியாழன்

சீனி காப்பியை வாங்கிக்கொண்டே கேட்டான்: "மதினி, போன வாரம் வேல்மயில் அண்ணன் உங்க சென்டர்ல இருந்து வெளிய வந்தாரே, என்ன விஷயம்?"

"அவங்க அம்மாவுக்குக் கை வலி. ரிப்போர்ட் வாங்க வந்தான்."

எவ்வளவு சுலபமாக வருகிறது. சீனி தலையாட்டிவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்த பிறகும் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 23, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்து நின்றார்.

"வேல்மயில் அம்மாவை நான் காலையில மார்க்கெட்ல பார்த்தேன். ரெண்டு கையிலயும் பை. கை வலின்னா ஒரு முகச்சுளிப்புகூட இல்ல."

நான் சட்டைக் காலரைத் தேய்த்தேன்.

"அவனுக்குத்தானே ஏதோ இருக்கு? கால்தானே? அன்னிக்கு நொண்டுனான்னு ஆளுக சொல்லுதாங்க."

"நோயாளி விஷயத்தை வெளிய பேசக் கூடாது."

"நான் வெளியா? என் தம்பி வெளியா? நீ ஒரு வார்த்தை சொன்னா அவன் உள்ள வந்துருவான். அந்தத் துறைக்காரன் பார்த்தா அவன் வாழ்க்கையே மாறிரும். நீ எந்த வீட்டுப் பொம்பள?"

"எனக்குத் தெரியாது. எதுவும் தெரியாது."

"தெரியும். உனக்கு உன் டீம்தான் பெருசு."

வாளியை எட்டி உதைத்துவிட்டுப் போனார். தண்ணீர் வாசல்வரை ஓடியது. அதுவரை சொல்லலாமா வேண்டாமா என்று உள்ளுக்குள் ஒரு பக்கம் அரித்துக்கொண்டிருந்தது. அவர் கேட்ட பிறகு கட்டாயம் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. யாருக்காகவும் சொன்னதாக இருக்கக் கூடாது.

ஏப்ரல் 25, செவ்வாய்

காலையில் ஞானதுரை சார் கேலரிப் படியேறி என்னிடம் வந்தார். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். வீரர்களைத் தவிர வேறு யாரிடமும் முகாம் நேரத்தில் பேச மாட்டார்.

"செண்பகம், நீ எக்ஸ்ரேயில இருக்கிற பொண்ணு. பார்த்தாத் தெரியும். வேல்மயில் கால் எப்படி இருக்கு?"

கீழே அவன் கோலைப் பார்த்துப் பந்தை இழுத்து எறிந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் முழு உடம்பும் இடது காலில் போய் ஊன்றுகிறது.

"நல்லாத்தானே ஆடுறான் சார்."

"ஆடுறது எனக்கும் தெரியுது. உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"சரிம்மா." உடனே இறங்கிப் போய்விட்டார். இன்னொரு முறை கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அதன் பிறகு மைதானத்தில் என்ன நடந்தது என்று நினைவில்லை. யார் நன்றாக ஆடினார்கள் என்று எழுத முடியவில்லை.

ஏப்ரல் 27, வியாழன்

மதியம் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன், வேல்மயில் வந்தான். இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றேன். மாட்டேன் என்றவனைப் பிடித்துப் படுக்க வைத்தேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடு எலும்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது. என் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு.

"இங்க வந்து பாரு."

"என்கிட்ட காட்டாதீங்க."

"உன் கால்டா."

"பார்த்தா ஓட முடியாதுக்கா. நாளைக்குக் கடைசி டிரையல். காட்டாதீங்க."

கதவைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினான். இடது காலுக்கு மாட்டும்போது ஒரு நொடி மூச்சை இழுத்துக்கொண்டான். நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஏப்ரல் 28, வெள்ளி

கடைசி டிரையல். தூத்துக்குடியிலிருந்து ஓர் அணியை வரவழைத்திருந்தார்கள். ஊரே வந்திருந்தது.

முதல் பாதியில் ஒன்றுமில்லை. இரண்டாவது பாதியில் வேல்மயில் நடுக்கோட்டில் பந்தை வாங்கினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், மூன்றாமவன் காலை நீட்ட அதையும் தாவிக் குதித்து உள்ளே போய், கோல்கீப்பர் படுத்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டான். தொண்டை கிழியக் கத்தினேன். பக்கத்தில் நின்ற யாரையோ கட்டிப்பிடித்தேன். இந்த வருடம் கோப்பை நமக்குத்தான், நமக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சோற்றை வடிக்கும்போதுதான் உறைத்தது. அவன் தாவிக் குதித்து இறங்கியது இடது காலில். நான் பார்த்தேன். அந்தக் காலுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த ஊரிலேயே அறிந்தவள் நான் ஒருத்தி. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியிருக்கிறேன்.

தொழில் தர்மம் என்று பதினோராம் தேதி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 29, சனி

காலையில் மைதானத்துக்குப் போகவில்லை. சீனி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன்: "இன்னிக்கு நான் ஒரு காரியம் பண்ணப் போறேன். ஊரு என்னைப் பேசும். உன்னையும் சேர்த்துப் பேசும்."

நிமிர்ந்து பார்த்தான். மட்டியில்லை அவன், புரிந்துவிட்டது. "வேல்மயில் அண்ணன் காலா?"

நான் அவனுடைய தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன்.

ஷூ நாடாவைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினான். "வேண்டாம்னு சொல்ல வாய் வரல மதினி. எனக்கு இடம் வேணும். ஆனா இப்படி வேணும்னு நான் கேக்கல."

"எனக்குத் தெரியும்."

"வேல்மயில் அண்ணன் என்னைத் தம்பியா நினைச்சு ஸ்டிக் பிடிக்கச் சொல்லிக்குடுத்தவரு." அவ்வளவுதான் சொன்னான். போய்விட்டான்.

பத்து மணிக்கு டயர் கடைக்குப் போனேன். வேல்மயில் ஒரு லாரிச் சக்கரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான், இடது காலை மட்டும் நீட்டிக்கொண்டு.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சார்கிட்ட நீயே சொல்லிரு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

எழுந்து நின்றான். கடைக்காரர் பார்க்கிறார் என்பதால் மெதுவாகத்தான் பேசினான். "உங்க வீட்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து அனுப்பிச்சாங்களா?"

"யாரும் அனுப்பல."

"நம்பி வந்தேனே அக்கா உங்ககிட்ட."

"அதனாலதான் முதல்ல உன்கிட்ட சொல்லுதேன்."

"எனக்கு இருக்கிறது இந்த ஒரு மாசம்தான். அதுவும் போச்சுன்னா நீங்க தருவீங்களா வேலை? உங்க சென்டர்ல வாசல் கூட்டவா?"

"கால் ரெண்டா போச்சுன்னா அந்த ஒரு மாசமும் கிடையாது. அதுக்கப்புறமும் கிடையாது."

"அது என் கால்." இதை மட்டும் சத்தமாகச் சொன்னான். மறுபடி குந்தி உட்கார்ந்து சக்கரத்தைச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தான். நான் நின்றிருந்த நேரம் முழுக்க நிறுத்தவில்லை.

ஐந்து மணிக்கு மைதானத்தில் விசாரித்தேன். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

ஞானதுரை சார் மட்டைகள் அடுக்கும் அறையில் இருந்தார். ஃபிலிமில் போட்டு எடுத்துப்போன இரண்டு படத்தையும் மேசைமேல் வைத்தேன். எப்போது எடுத்தேன், யார் சீட்டும் இல்லாமல் எடுத்தேன் என்பதையெல்லாம் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நான் அன்னிக்குக் கேட்டப்ப தெரியாதுன்னியேம்மா."

"பொய் சொன்னேன் சார்."

"எனக்குத் தெரியும்." படத்தைக் கீழே வைத்தார். "மேல ஏறி வரும்போதே, நீ தெரியாதுன்னு சொல்லிரணுமேன்னுதான் வந்தேன். நாளைக்கு அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எக்ஸ்ரே எடுக்கிற பொண்ணுகிட்டயே கேட்டேன், ஒண்ணுமில்லன்னுச்சேன்னு ஊருக்குச் சொல்லலாம் பாரு. எனக்கும் கோப்பை வேணும்லா."

வெளியே யாரோ தனியாகப் பலகையில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சீனி உள்ள வந்துருவான்" என்றார்.

"அவனை எடுக்காதீங்க சார்னு சொல்லத்தான் நினைச்சேன். சொல்ல மாட்டேன். அது உங்க பட்டியல்."

"ஆமா, என் பட்டியல்தான்" என்றார்.

ஏப்ரல் 30, ஞாயிறு

பட்டியல் ஒட்டிவிட்டார்கள். வேல்மயில் பெயர் இல்லை. பதினெட்டாவது பெயர், ம. சீனிராஜ்.

என் வீட்டுக்காரர் லட்டு வாங்கி வந்தார். "கடைசியில நம்ம வீட்டை நினைச்சியே" என்றார். கல்யாணமான இந்தப் பதினாறு வருடத்தில் என்னிடம் இவ்வளவு அன்பாகப் பேசிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக நான் சொல்லவில்லை என்றேன். "சரி சரி" என்று சிரித்தார். சீனி லட்டைத் தொடவில்லை. நானும்தான்.

மே 2, செவ்வாய்

கேலரியில் நான் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "எக்ஸ்ரே எடுத்தே எடம் வாங்கிட்டாங்கப்பா."

திரும்பவில்லை. ஏழு மணிவரை இருந்துவிட்டுத்தான் வந்தேன்.

சென்டரில் மேனேஜரிடம் நானே போய், சீட்டில்லாமல் இரண்டு படம் எடுத்ததைச் சொன்னேன். எழுதி வாங்கிக்கொண்டார். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்றார். நியாயம்தான்.

மே 6, சனி

மதுரையில் வேல்மயிலுக்கு ஆபரேஷன். ஞானதுரை சார் உடன் போயிருந்தார். அங்கிருந்து போன் செய்தார்: "கோடு பாதி எலும்பு வரைக்கும் போயிருந்துச்சாம். உள்ள கம்பி வச்சிட்டாங்க. ஏழெட்டு மாசம் ஆகும்கிறாங்க. ஆனா ஓடலாம்."

நான் சொன்னது சரியாகிவிட்டது என்று முதலில் ஒரு நிம்மதி வந்தது. உடனே வேறு ஒன்று வந்தது. பதினோராம் தேதியே சொல்லியிருந்தால் அந்தக் கோடு எவ்வளவு தூரம் போயிருக்கும்? கம்பி இல்லாமலே ஆறியிருக்குமா? டாக்டரிடம் கேட்கச் சொல்லி சாரிடம் சொல்ல வாயெடுத்தேன். "சரி சார், வச்சிருதேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

மே 12, வெள்ளி

முதல் ஆட்டம். 3–0. சீனி கடைசிப் பத்து நிமிடம் இறங்கினான்.

மே 14, ஞாயிறு

2–2. நான்கு பெனால்டி கார்னர் கிடைத்தது, நான்கும் வீண். ஒவ்வொரு முறையும் கேலரியில் "வேல்மயில் இருந்திருந்தா" என்றார்கள். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

மே 16, செவ்வாய்

1–0. எப்படியோ. வலப்பக்கத்துக்காரன் இன்று மலை மாதிரி நின்றான். அவனைப் பற்றி எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மே 18, வியாழன்

காலிறுதி. 2–1. சீனி ஒரு கோல்! பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நின்றது. கைதட்டினேன், கத்தவில்லை.

மே 20, சனி

அரையிறுதி, மாலை நான்கு மணிக்கு. வெயில் இறங்கவே இல்லை.

இடைவேளையின்போது கேலரியில் சலசலப்பு. பார்த்தால், வேல்மயில் இரண்டு ஊன்றுகோலோடு படியேறி வருகிறான். ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. எல்லாரும் இடம் கொடுக்க எழுந்தார்கள். அவனுக்குக் காலை நீட்டி உட்கார வேண்டும். ஆளில்லாமல் கிடந்தது என் வரிசை ஒன்றுதான். வந்து, இரண்டு பேர் உட்காருகிற இடைவெளி விட்டு உட்கார்ந்தான். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

நாங்கள் 1–2 என்று பின்தங்கியிருந்தோம். கீழே வெள்ளை நாற்காலிகளில் அந்தத் துறை அணிக்காரர்கள் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வேல்மயில் ஒரே ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகு பந்தை மட்டும்தான் பார்த்தான்.

நான்கு நிமிடம் இருக்கும்போது பெனால்டி கார்னர். எடுப்பதற்கு யாரை அனுப்புவார் என்று எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். அவர் சீனியைக் கைகாட்டினார். சீனி கோட்டில் வந்து நின்று, கால்சட்டையில் கையைத் துடைத்தான். பின்னால் யாரோ, "போச்சு" என்றார்கள்.

பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. "இடது தோளை இறக்கு. இறக்குல. இன்னும் குனி." வேல்மயில்தான். அவனுடைய தோளும் சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"எப்படிக்கா இத்தனை வருஷம் இங்க உக்காந்து பாத்தீங்க?" என்றான். கண் மைதானத்தில்தான் இருந்தது. "கையுங் காலும் நிக்க மாட்டேங்குதே. ஒண்ணும் பண்ண முடியலையே."

டயர் கடைக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

"கத்து" என்றேன். "கத்துனா கொஞ்சம் அடங்கும்."

அவன் நகர்ந்து வந்து என் தோளைப் பிடித்து அழுத்தி, வலது காலில் எழுந்து நின்றான். "ஏலே சீனி! தோளு! தோளை இறக்குலே!" அந்தக் குரல் மைதானம் முழுக்கப் போனது. சீனி தலை தூக்கிக் கேலரியைப் பார்த்தான். பார்த்தது நிச்சயம். நானும் எழுந்து கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது.

பந்து வந்தது. சீனி தோளை இறக்கித்தான் இழுத்தான். பந்து தரையிலிருந்து கிளம்பி மேலே போனது. உள்ளே போய்விட்டது என்றே நினைத்தேன். கோல்கீப்பரின் கையுறை நுனியில் பட்டு மேல்கம்பத்துக்கு வெளியே விழுந்தது.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. விசில். 1–2.

கூட்டம் இறங்க ஆரம்பித்தது. சீனி கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேல்மயில் என் தோளிலிருந்து கையை எடுத்தான்.

"தோளு இறங்குச்சு. மணிக்கட்டுதான் லேட்டு" என்றான். "நாளைக்கு மூணாவது இடத்துக்கு மேட்ச் இருக்குல்லா? காலையில அவனை என் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. ஸ்டிக்கோட."

"சொல்லுதேன்."

"அவனை மட்டும்."

"சரிப்பா."

ஊன்றுகோல் ஒன்று படிக்குக் கீழே உருண்டிருந்தது. இறங்கிப் போய் எடுத்து வந்து நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு படியாக, இடது பாதம் தரையில் படாமல், இறங்கிப் போனான். கடைசிப் படி தாண்டும்வரை பின்னாலேயே போனேன், தொடாமல், இரண்டு படி இடைவெளி விட்டு.